போட்டோவுக்குத் தூக்கிய கை

எங்கள் ஊரில் தூக்கிய கை இறங்காமல் போனது ஆவணி மாதத்தில். அதற்கு முன்னால் ஊரில் என்ன அதிசயம் நடந்தது என்று கேட்டால் ஒன்றும் கிடையாது, ஒருநாள் பஸ் நேரத்துக்கு வந்தது, அவ்வளவுதான். ஆத்தியடிப்பட்டியில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டே தெரு. மேலத்தெரு வழியாகச் சிமெண்ட் ரோடு நேராகப் போய்ச் சுடுகாட்டில் முடியும். எங்கள் கீழத்தெரு ஆட்கள் அந்த ரோட்டில் உயிரோடு போகலாம், சைக்கிளில் போகலாம், அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் பாத்திரம் கழுவப் போகலாம், செத்த பிறகு மட்டும் போகக் கூடாது. செத்தால் வாய்க்காலில் இறங்கி, கருவேலங்காட்டைச் சுற்றி, முள்ளில் வேட்டியைக் கிழித்துக்கொண்டு அதே சுடுகாட்டுக்குப் பின்பக்கமாகப் போய்ச் சேர வேண்டும்.

என் அத்தை சண்முகக்கனியின் புருசன், எங்கள் மாமா, செத்தது ஒரு ஐப்பசியில். வாய்க்காலில் இடுப்புக்கு மேல் தண்ணீர். தூக்கிப் போனவர்களில் ஒருவருக்குக் கால் வழுக்கியது, பாடை சரிந்தது, மாமா தண்ணீரில் போய்விட்டார். செத்தவரைத் துழாவிப் பிடித்து மறுபடி ஏற்றினார்கள். அதிலிருந்து அத்தை ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்: "என்னைய தண்ணியில போட்டுறாதிய." அவளுக்கு வயிற்றில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டார்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள், அப்பா கொத்து வேலைக்குப் போகிறார், அத்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அதனால் பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நான் நின்றேன். படிப்பு வரவில்லையா என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவிடுவேன், பேச்சு சீக்கிரம் முடியும்.

ஆவணியில் மதுரையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் சார்பாக ஜோவிதா அக்கா வந்தார், கழுத்தில் அடையாள அட்டை, கக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி. கிராம சபையில் மக்கள் பேசப் பழக வேண்டும், முடிவெடுக்கப் பழக வேண்டும், அதை விளையாட்டாகவே பழகலாம் என்றார். பெட்டிக்குள் சீட்டுகள் இருக்கும், ஆளுக்கொன்று எடுக்க வேண்டும், சீட்டில் யார் என்று போட்டிருக்கிறதோ அவராகவே யோசிக்க வேண்டும், அவராகவே பேச வேண்டும், அவராகவே கை தூக்க வேண்டும். இரண்டு தெருவும் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் வந்து உட்கார்ந்தது, காரணம் பிரியாணிப் பொட்டலம். சோறு போட்டு நடத்துகிற எதையும் நான் நம்புவதில்லை. சோற்றைத் தின்றுவிட்டு நம்பாமல் இருப்பேன்.

ஒரு கற்பனைக் கிராமம், அங்கே ஒரு தெருக்காரர்களுக்குச் சுடுகாட்டுக்கு வழி இல்லை, பொதுச் சாலை வழியாக எடுத்துப்போக விடலாமா என்பதுதான் விளையாட்டு என்றார் ஜோவிதா அக்கா. கற்பனைக் கிராமம் என்று அவர் சொன்னதும் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மேலத்தெருக்காரரான பஞ்சாயத்துத் தலைவர் ராமசுப்புவுக்கு வந்த சீட்டு, கணவனை இழந்த பெண். அவர் தோள் துண்டை எடுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, "எம் புருசன தண்ணியில விட்டுட்டாவளே, ஈரத்தோட பொதைச்சாவளே" என்று ஒரு பாடு அழுதார். முதலில் எல்லாரும் சிரித்தார்கள், அப்புறம் சிரிக்க முடியவில்லை, ஏனென்றால் அது அத்தையின் அழுகை, ஒரு சொல் மாறவில்லை. மாமா தண்ணீரில் போன அன்று அவர் கரையில் நின்று கேட்டிருக்க வேண்டும்.

எனக்கு வந்தது பெரிய நிலக்காரர். நான் எழுந்தேன், இல்லாத துண்டைத் தோளில் போட்டேன். "வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா. இன்னைக்குப் பொணம் வரும், நாளைக்குச் சப்பரம் வரணும்பான், மறுநாள் பொண்ணு கேட்டு வருவான். எங்கப்பன் காலத்துல இல்லாத பாதை எங்காலத்துல எதுக்கு?" மேலத்தெருவில் சிலர் கை தட்டப் போய் நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுக்குள் பேசுகிற பேச்சு எங்கள் தெரு வரைக்கும் கேட்கும் என்று அவர்களுக்கு அதுவரை தெரியாதுபோல.

விடலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் ஜோவிதா அக்கா. கூட்டமே தூக்கியது. மேலத்தெரு தூக்கியது, விளையாட்டுதானே. கீழத்தெரு தூக்கியது, விளையாட்டிலாவது தூக்குவோம் என்று. நான் தூக்கவில்லை, நிலக்காரர் தூக்க மாட்டார். அத்தையும் தூக்கவில்லை, அவள் வீட்டில் படுத்திருந்தாள். "ஒரு போட்டோ எடுத்துக்கிறேன், கைய நல்லா தூக்குங்க, சிரிங்க" என்றார் ஜோவிதா அக்கா, எடுத்தார், "போதும், எறக்கிக்கலாம்" என்றார். ஒரு கையும் இறங்கவில்லை.

முதல் வாரம் எண்ணெய் தேய்த்தார்கள், கோயில்பட்டியில் எலும்பு டாக்டரைப் பார்த்தார்கள், கோடாங்கியைப் பார்த்தார்கள். அதற்கு அப்புறம் பழகிவிட்டது. தையல்காரர் ஒரு பக்கம் தோளோடு திறந்து பித்தான் வைத்துச் சட்டை தைக்க ஆரம்பித்தார், ரவிக்கைக்கும் அதே அளவு. உயரமான ஆட்கள் வாசற்படியில் கை இடித்துக் குனிந்து குனிந்து கூன் விழுந்தவர்கள்போல ஆனார்கள். பெண்கள் தூக்குவாளியை மேலே உள்ள விரலில் மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போனார்கள், காக்கா வந்து உட்கார்ந்தால் விரட்ட இன்னொரு கை இருந்தது. எங்கள் ஊரில் என்றைக்கும் நிற்காத பஸ் ஒவ்வொரு ஆளுக்கும் நின்றது. டீக்கடை கோமதிநாயகம் தூக்கிய கையில் டம்ளரைப் பிடித்து அவ்வளவு உயரத்திலிருந்து ஆற்றியதில் டீ முன்னைவிட நன்றாக நுரைத்தது, பக்கத்து ஊர்க்காரர்கள் அதற்காகவே வந்தார்கள். போராட்டமோ என்று ஸ்டேஷனிலிருந்து எஸ்.ஐ. வந்து, "என்னய்யா கோரிக்கை ஒங்களுக்கு?" என்று கேட்டார். "கோரிக்கையெல்லாம் ஒண்ணும் இல்ல சார், போட்டோ எடுத்தாவ" என்றார் தலைவர்.

சந்தேகம்தான் கையைவிடப் பெரிதாக நின்றது. விளையாட்டில் மேலத்தெருக்காரர்கள் பாதிப் பேருக்குக் கீழத்தெருச் சீட்டு, எங்களில் பாதிப் பேருக்கு மேலத்தெருச் சீட்டு. எனவே ஒரு கையைப் பார்த்தால், அதைத் தூக்கியது சீட்டில் இருந்த ஆளா, கையை வைத்திருக்கிற ஆளா என்று சொல்ல முடியாது. மேலத்தெருவில் அண்ணன் தம்பியையும், மாமியார் மருமகளையும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். நிசமாகவே விடலாம் என்று நினைத்துத் தூக்கியவர் யாராவது நமக்குள் இருக்கிறாரோ என்பது அவர்கள் பயம். எங்கள் தெருவில் வேறு மாதிரி. இவ்வளவு சுலபமாக மேலத்தெரு கை தூக்கியதில் ஏதோ சூது இருக்கிறது என்றார்கள். அப்புறம் எல்லாரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். இரண்டு கையும் கீழே இருக்கிற ஒரே பெரிய பிள்ளை நான்தான்.

"ஊரே தூக்குது, நம்ம பிள்ள தூக்கல. மேலத்தெருவுல என்னத்தட்டி வாங்கின?" என்றாள் பக்கத்து வீட்டுச் சித்தி.

"பிரியாணி. நீங்களும்தான் வாங்கினிய."

அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் சோறு போடும்போது, "சீட்டுல என்ன எழுதியிருந்தா என்னட்டி, கை ஓங்கைதான?" என்று கேட்டார்.

"ஆட்டம்னா ஆட்டம் மாதிரி ஆடணும்ப்பா. அந்த நிலக்காரரு தூக்கியிருப்பாரா?"

அவர் தூக்கியிருக்க மாட்டார் என்பது அப்பாவுக்குத் தெரியாதா. ஆனாலும் தனியாகத் தட்டு வைத்துச் சோறு போடுகிற வேற்றாள் போலத்தான் அந்த வீட்டில் நான் இருந்தேன்.

புரட்டாசியில் மேலத்தெரு மட்டும் தனியாகக் கூடியது. ஜோவிதா அக்காவைத் திரும்ப வரவழைத்து, போன ஆட்டத்தில் எடுத்த முடிவை ரத்து செய்ய வேண்டும் என்றார்கள். அவர் பெட்டியைத் திறந்தார். "சீட்டெல்லாம் வேண்டாம்மா, இந்தத் தடவ நாங்க நாங்களாவே தூக்குதோம்" என்றார் தலைவர். ஏற்கெனவே ஒரு கை மேலே இருந்ததால் எல்லாரும் மற்ற கையைத் தூக்கினார்கள். அதுவும் இறங்கவில்லை.

கொஞ்சம் யோசித்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் ரத்து என்றால் மேலத்தெருவுக்கு யோசனை நின்றுவிடும். அன்றிலிருந்து அவர்களுக்கு யாராவது ஊட்டிவிட வேண்டும், கழுவிவிட வேண்டும், மூக்கில் ஈ உட்கார்ந்தால் ஊதிவிட வேண்டும். அந்தக் கூட்டத்தில் தலைவரின் மனைவி சீதாலட்சுமி மட்டும், பிள்ளையைத் தூக்க ஒரு கை வேண்டும் என்று இரண்டாவது கையைத் தூக்காமல் இருந்துவிட்டாள். அவள் தெருவெல்லாம் போய் ஊட்டிவிட்டு வந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் எதிராளி கண்ணைப் பார்த்துக்கொண்டே ஊட்டுவாள் என்றும், ஆண்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வார்கள் என்றும் சொன்னார்கள்.

தூக்கியது எதற்கோ அது நடந்தால் கை இறங்கும் என்று முதலில் வாயால் சொன்னது கோமதிநாயகம்தான். முதல் நாளே எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். மேலத்தெரு முதலில் வெறும் பாடையைக் கொண்டுபோகச் சொல்லிப் பார்த்தது. எங்கள் ஆட்கள் வெறும் பாடையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தெருவில் போனார்கள், பூசணிக்காயைக் கிடத்திப் போனார்கள், ஒன்றும் இறங்கவில்லை. கைகளுக்கு விளையாட்டு எது, நிசம் எது என்று தெரிந்திருந்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்த ஒரு தடவை மட்டும் வரலாம். மேளம் கூடாது, பூ வீசக் கூடாது, நின்று நின்று போகக் கூடாது.

ஒரு தடவை என்றால் யார்? கீழத்தெருவில் சாகப் போகிற நிலையில் இருந்தது என் அத்தை மட்டும்தான்.

அதற்குப் பிறகு ஊரே எங்கள் வீட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. மேலத்தெருவிலிருந்து இளநீர் வந்தது, பழம் வந்தது, ஹார்லிக்ஸ் வந்தது. "எப்படி இருக்கா?" என்று கேட்டார்கள், நன்றாக இருக்கிறாள் என்று சொன்னால் முகம் ஒரு மாதிரி போனது. தலைவர் ராமசுப்பு பிறந்ததிலிருந்து எங்கள் தெருவுக்குள் கால் வைத்தவர் இல்லை. அவர் ஒரு சாயங்காலம் இரண்டு கையையும் தூக்கியபடி வந்து, வாசல் நிலையில் கை இடித்து, மடங்கிக் குனிந்து உள்ளே வந்தார். முன்னெல்லாம் அத்தையை "ஏளா கனி" என்றுதான் கூப்பிடுவார்.

"கனியக்கா, ஒடம்பு எப்படி இருக்கு?"

"இருக்கேன் தலைவரே. நீங்க அவசரப்படாதிய" என்றாள் அத்தை.

அவர் போனதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அன்னைக்கு ஓங்க மாமா தண்ணியில கெடந்தப்ப இவனுவ கரையில கையக் கட்டிட்டு நின்னானுவ, மருமகளே. இப்பத் தூக்கிட்டு நிக்கட்டும், என்ன அவசரம்." அந்த நாட்களில் அவள் முன்னைவிட நன்றாகச் சாப்பிட்டாள். சாவு வரும்போது அதைக் கொஞ்சம் வெளியே நில் என்று சொல்லிவிட்டவள்போல இருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்த இளநீரை முதலில் நான் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் அத்தைக்குக் கொடுத்தேன். பழத்தில் ஊசி குத்திய அடையாளம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேலத்தெரு மேல் மட்டும் சந்தேகம் என்றால் பரவாயில்லை. எங்கள் தெருவிலும் எல்லார் கையும் மேலேதான் இருந்தது. கொத்து வேலைக்கு ஒற்றைக் கையோடு யார் கூப்பிடுவார்கள், அப்பா வீட்டில்தான் இருந்தார், தன் அக்காவின் மூச்சை எண்ணுவதுபோல வாசலில் உட்கார்ந்திருந்தார். அவள் இருமினால் நிமிர்ந்து பார்ப்பார், அடங்கினால் குனிந்துகொள்வார். எது நடக்க வேண்டும் என்று நிமிர்கிறார், எது நடக்கவில்லை என்று குனிகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அப்பா உண்மையைச் சொல்லிவிடுவார். அதனால் அவளுக்கு ஊட்டுவது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான் மட்டும்தான், வேறு ஆளைக் கிட்டே விடவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது, வாய்க்கால் நிறைந்தது. ஒரு காலையில் சீதாலட்சுமி தூக்குவாளியில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நான் இரண்டு தின்று பார்த்துவிட்டு அத்தைக்குப் பிய்த்துக் கொடுத்தேன். "சட்னியில உப்பு கம்மி" என்றாள். தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பினேன், அவ்வளவுதான். அதே இட்லியைத் தின்ற எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்தத் தூக்குவாளியை நான் கழுவித் திருப்பிக் கொடுக்கவில்லை, குப்பையில் போட்டேன்.

மேளம் இல்லாமல், பூ இல்லாமல், மழைத் தூறலில் எங்கள் ஆட்கள் பாடையைத் தோளில் வைத்து, தூக்கியிருந்த கைகளாலேயே கம்பைப் பிடித்துக்கொண்டு மேலத்தெருவுக்குள் நுழைந்தார்கள். பெண்கள் தெருமுனையோடு திரும்ப வேண்டும். நான் திரும்பவில்லை, யாரும் என்னைக் கவனிக்கவும் இல்லை, எல்லார் கண்ணும் வீடுகளின் வாசலில் இருந்தது. பாடை ஒரு வீட்டைத் தாண்டத் தாண்ட, அந்த வாசலில் நின்றவர்களின் முதல் கை, ஆவணியில் போட்டோவுக்குத் தூக்கிய கை, காற்றுப் போன பலூன்போல இறங்கியது. நாங்கள் முகங்களைப் பார்க்கவில்லை. இறங்கிய கை அடுத்து என்ன செய்யும் என்று பார்த்துக்கொண்டே போனோம். சில கை சொறிந்தது, சில கை பிள்ளையின் தலையைத் தடவியது. ஒருவர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். எங்கள் ஆட்கள் நடை நின்றுவிட்டது, பாடை ஒரு பக்கம் ஆடியது. அவர் அந்தக் கல்லைக் காற்றில் அடித்துக்கொண்டிருந்த தன் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, எங்களைப் பார்க்காமல் உள்ளே போனார். தலைவர் வீட்டைத் தாண்டும்போது அவர் ஒற்றைக் கையால் முகத்தைத் துடைத்தார். மழையா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது, நான் நம்பவும் இல்லை.

எங்கள் ஆட்களின் கைகள் அத்தையை இறக்கி வைத்தபோது அவளோடு சேர்ந்து இறங்கின. அவள் மேல் ஒரு சொட்டு வாய்க்கால் தண்ணீர் படவில்லை.

ஆனால் மேலத்தெருவின் இரண்டாவது கை, ரத்து செய்யத் தூக்கிய கை, இன்னும் மேலேதான் நின்றது. அன்று சாயங்காலமே அவர்கள் கருவேல முள்ளை வெட்டி இழுத்துவந்து தெருமுனையில் ரோட்டுக்குக் குறுக்கே போட்டார்கள். போட்டதும் அந்தக் கைகளும் இறங்கின. கொஞ்ச நேரத்தில் அந்த முனையில் வளைவதற்குப் பஸ் வந்து ஹாரன் அடித்ததால் முள்ளை எடுத்துவிட்டார்கள். எடுத்தது முள்ளை மட்டும்தான். தலைவர் தன் இரண்டு கையையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, மெதுவாக மார்பில் கட்டிக்கொண்டார்.

தையில், குடியரசு தினத்தன்று, நிசமான கிராம சபை கூடியது. ஜோவிதா அக்கா பெட்டி இல்லாமல் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். அப்பா எழுந்து, மேலத்தெரு ரோட்டில் எங்கள் தெருவுக்கு நிரந்தரமாக வழி வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை, நான் ஆட்டத்தில் பேசிய பேச்சைக்கூட யாரும் பேசவில்லை.

"சரி, ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்" என்றார் பஞ்சாயத்துச் செயலர்.

ஒரு கையும் எழவில்லை. மேலத்தெருக்காரர்கள் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். எங்கள் தெருவைப் பார்த்தேன். சித்தி இரண்டு கையையும் முந்தானையில் சுற்றி வைத்திருந்தாள். சில பேர் பையில் விட்டிருந்தார்கள், சில பேர் பக்கத்தில் இருந்தவர் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். தூக்கினால் இறங்காது என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிருந்தது. தீர்மானம் கொண்டுவந்த அப்பாவே, தன் கையை இரண்டு முட்டிக்கு நடுவில் நசுக்கி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவருக்கு மறுநாள் கொத்து வேலை இருந்தது.

நான் தூக்கினேன்.

"ஏம்மா, ஒனக்கு ஓட்டே வரலியே. பதினெட்டு ஆகாத கை கணக்குல சேராது" என்றார் தலைவர்.

"சேக்காதிய. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

ஆதரவு இல்லாததால் தீர்மானம் விழுந்தது என்று செயலர் சொன்னார், கூட்டம் கலைந்தது, மிட்டாய் கொடுத்தார்கள். ஜோவிதா அக்கா போனைக் கையில் எடுத்தார், என்னைப் பார்த்தார், திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். தலைவர் மட்டும் என் கையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து ஒரு பெரிய மனுசன் என்னை அவ்வளவு நேரம் பார்த்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா எனக்குப் பின்னால் நடந்து வந்தார். வாய்க்கால் பாலத்துக்கு வந்ததும், "ஏட்டி" என்றார். திரும்பினேன்.

"அது எறங்க மாட்டேங்குதா, இல்ல நீதான் எறக்க மாட்டேங்குதியா?"

எனக்குத் தெரியவில்லை. இதுவரை இறக்கிப் பார்க்கவில்லை.